எபிக்டெட்டஸை வீட்டுக்குக் கூட்டி வந்த கதை

“எபிக்டெட்டஸை இனிமே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வராதீங்க” என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அதற்கு முந்தைய நாள் அவள் அலுவலகத்திலிருந்து வந்ததும் பையை நாற்காலியில் போட்டுவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று மாதம் உட்கார்ந்து அவள் தயாரித்த அறிக்கையை மேலதிகாரி தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார். நான் அப்போது ஸ்டோயிக் தத்துவம் என்ற பழைய கிரேக்க, ரோமானியச் சிந்தனையைப் படிக்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. புதிதாக சைக்கிள் கற்றவன் எதிர் வீட்டுக்குக்கூட சைக்கிளில்தான் போவேன் என்பானே, அந்த நிலை. அவள் பேசி முடிப்பதற்குள், “அவர் என்ன செய்யறார்ங்கறது உன் கையில இல்ல. அதை நீ எப்படி எடுத்துக்கறேங்கறதுதான் உன் கையில இருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “இப்ப என் கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்” என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னாள்.

எபிக்டெட்டஸ் ரோமில் அடிமையாக இருந்த ஸ்டோயிக் தத்துவவாதி. கால் ஊனம். விடுதலை பெற்ற பிறகு நிக்கோபொலிஸ் நகரில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கைப்பட எழுதியது ஒன்றும் இல்லை. அர்ரியன் என்ற மாணவர் எடுத்துவைத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தக் குறிப்புகளிலிருந்து தொகுத்த சிறிய கையேடு ஒன்று உண்டு. நம் எண்ணமும் விருப்பமும் வெறுப்பும் நம் வசத்தில் உள்ளவை, உடலும் சொத்தும் பேரும் பதவியும் அப்படி அல்ல என்று அதன் முதல் பகுதி பிரிக்கிறது. இணையத்தில் படத்தோடு சுற்றுவதெல்லாம் இந்தப் பகுதிதான். நானும் அதோடு நின்றுவிட்ட ஆள்.

மனைவி திட்டிய பிறகுதான் மீதியைப் பொறுமையாகப் படித்தேன். 16-ஆம் பகுதியில் அவர் சொல்வது இது: ஒருவர் துக்கத்தில் அழுவதைப் பார்த்தால் ஆறுதல் சொல்லத் தயங்காதே, தேவைப்பட்டால் அவரோடு சேர்ந்து புலம்பவும் செய், உள்ளுக்குள் மட்டும் நிலைகுலைந்துவிடாதே. அழுகிறவரிடம் போய்த் தத்துவம் பேசு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. 46-ஆம் பகுதி இன்னும் நேராக என்னையே பார்த்துப் பேசுவதுபோல இருந்தது. உன்னைத் தத்துவவாதி என்று சொல்லிக்கொள்ளாதே, தெரியாதவர்கள் முன்னால் கோட்பாடு பேசாதே. ஆடுகள் தாங்கள் தின்ற புல்லைக் கொண்டுவந்து மேய்ப்பனிடம் காட்டுவதில்லை, பாலும் ரோமமும்தான் தருகின்றன. நான் நாலு மாதமாகப் புல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். “உன் கையில் இல்லை” என்ற வாக்கியத்தை என்னிடம் மட்டும்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்; இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. இதை எழுதுவது சுலபம். கடைப்பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

செனெகா என்ற ரோமானிய ஸ்டோயிக்கின் இரவுப் பழக்கத்தையும் அந்தச் சமயத்தில்தான் எடுத்துக்கொண்டேன். கோபத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் அவர் இதைச் சொல்கிறார். விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, அவருடைய வழக்கம் தெரிந்த மனைவியும் பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் திரும்பிப் பார்ப்பாராம். இதில் எனக்குப் பிடித்தது அந்த மனைவியின் மௌனம்தான். பழக்கம் எனக்கும் நல்லதாகத்தான் தெரிந்தது, ஆனால் முதல் இரண்டு வாரக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. “அவன் இப்படிப் பேசியிருக்கக் கூடாது”, “அவள் கேட்டிருக்கலாம்”, “அவர்களுக்குப் புரியவில்லை”. என் நாளைத் திரும்பிப் பார்ப்பதாக உட்கார்ந்து ஊரில் உள்ள எல்லாருடைய நாளையும் விசாரித்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு வாக்கியமும் “நான்” என்று தொடங்க வேண்டும், மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது என்று மாற்றினேன். மூன்று வரிதான் என்றால் சாக்குச் சொல்ல இடம் கிடைக்காது.

அப்புறம் மகள். பதினைந்து வயது. இரவு படுக்கையில் கைபேசி. இந்தச் சண்டை இப்போது எந்த வீட்டில்தான் இல்லை? அவள் ஏதாவது பதில் சொன்னால் நான் சொல்வது எப்போதும் ஒரே வார்த்தை: “விதண்டாவாதம் பண்ணாதே.”

தமிழில் நாம் எல்லோரும் சர்வசாதாரணமாகப் புழங்கும் இந்தச் சொல், தர்க்கத்தைப் பேசும் பழைய இந்தியத் தத்துவப் பிரிவான நியாய தரிசனத்தின் கலைச்சொல் என்று எனக்கு அதுவரை தெரியாது. கௌதமர் (புத்தர் இல்லை, வேறொருவர்) பெயரில் வழங்கும் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை என்னவென்று கண்டுபிடிக்க இருவர் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாட்டை வைக்காமல் எதிராளி சொல்வதை உடைத்துக்கொண்டே போவது விதண்டை.

இதைப் படித்த இரவு முந்தைய நாள் சண்டையை நினைத்துப் பார்த்தேன். மகளுக்கு ஒரு நிலைப்பாடு இருந்தது: தோழிகள் எல்லாரும் பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான், பத்தரை வரை வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பத்தரை என்றால் பதினொன்று ஆகும் என்றேன். சரி, நேரம் வைத்துத் தானாக அணையும்படி செய்கிறேன் என்றாள். அதை நீயே மாற்றிவிடுவாய் என்றேன். கடவுச்சொல்லை நீயே வைத்துக்கொள் என்றாள். இதெல்லாம் ஒரு பேச்சா என்றேன். கடைசியில், “அப்பா, நீ என்னதான் வேணுங்கற?” என்று கேட்டாள். நான் எதிர்த்துப் பேசாதே என்று கத்தினேன். அந்த அறையில் விதண்டாவாதம் செய்த ஒரே ஆள் நான்தான்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவள் தூக்கம் கெடுகிறது என்பது உண்மைதான், ஆனால் என் கோபத்துக்கு அது காரணம் இல்லை. நான் பேசும்போது அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அதுதான் குத்தியது. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். “நீயும்தான் பாக்கறதில்ல” என்றாள். மறுக்க முடியவில்லை. இரண்டு பேர் கைபேசியும் பத்தரைக்கு முன்னறை அலமாரிக்குப் போய்விட வேண்டும் என்று முடிவானது. மூன்றாம் நாளே அலுவலக வேலை என்று சொல்லி அதை மீறியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போதெல்லாம் சண்டை சூடேறும்போது எனக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: என் நிலைப்பாட்டை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு, “எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல, கொஞ்சம் டைம் கொடு” என்கிறேன். அப்பாக்கள் இப்படிச் சொல்லலாம் என்பதே எனக்குப் புதிய செய்திதான்.

அலுவலகத்தில் செய்து பார்த்தது பாதி வெற்றி. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தவறைச் சுட்டிக்காட்டுவது மரியாதைக் குறைவு என்று ஒரு மூத்தவர் நினைத்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதுதான் ஒருவரைப் பலவீனமானவராக நடத்துவது என்று வேறொரு பண்பாட்டில் வளர்ந்த இளையவர் நினைத்தார். நான் முதலில் மிகையும் குறையும் இல்லாத நடுவழிதான் அறம் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை விளக்கப் போய், இரண்டு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதை விட்டுவிட்டு, “உங்களை ஒருத்தர் மரியாதையா நடத்தினார்னு நினைச்ச ஒரு நாளைச் சொல்லுங்க” என்று கேட்டதும் பேச்சு நகர்ந்தது. எண்ணில் பிழை இருந்தால் அங்கேயே சொல்வது, முடிவில் பிழை இருந்தால் கூட்டம் முடிந்த பிறகு சொல்வது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் சண்டை நின்றது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அம்மா விஷயம்.

அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா அப்போது அக்கா வீட்டில் இருந்தாள். நான் வேறு ஊரில், தம்பி வேறு நாட்டில். பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாமா என்று அக்கா குடும்பக் குழுவில் ஒரு வரி எழுதினாள். தம்பியிடமிருந்து உடனே பதில்: “இது அம்மாவைக் கைவிடறது.” அதற்குப் பிறகு பத்து நாள் குழுவில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அக்கா எனக்குத் தனியாகப் போன் செய்து, “நான் கைவிடறவளாடா?” என்று கேட்டாள்.

லேயோனார்டு நெல்சன் என்ற ஜெர்மானியத் தத்துவாசிரியர் 1922-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் சாக்ரடீஸ் முறையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லாமல், பேசுகிறவர்களைத் தாங்களே யோசிக்க வைப்பது எப்படி என்பதுதான் அதன் சாரம். அந்த வழியில் வந்த கலந்துரையாடலில் சில நடைமுறைகள் உண்டு. பொதுப்படையாகப் பேசாமல், பேசுகிறவர்களில் ஒருவருக்கு உண்மையில் நடந்த சம்பவத்திலிருந்து தொடங்க வேண்டும். மற்றவர் சொன்னது புரிந்ததா என்று அவரிடமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு திசைமாறினால் நிறுத்திவிட்டு, எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கடைசி வழக்கத்தை வளர்த்தவர் நெல்சனின் மாணவர் குஸ்தாவ் ஹெக்மான்.

இந்த முறையில் பேசிப் பார்க்க மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உட்கார்ந்தோம். பேச வேண்டியது இல்லத்தைப் பற்றி இல்லை, ஒரு சொல்லைப் பற்றி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கைவிடுதல். நாம் யாரையாவது கைவிட்டதாக உணர்ந்த ஒரு சம்பவத்தை ஆளுக்கொன்று சொல்வது. “எல்லாரும்”, “உலகத்துல”, “காலம் காலமா” ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் திருப்பிச் சொல்லி, “ஆமாம், அதேதான்” என்று வாங்கிய பிறகுதான் பதில் பேசலாம்.

தம்பி முதலில் சொன்னான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தேர்வு இருந்ததால் வரவில்லை. வந்தபோது அப்பா பேச முடியாத நிலையில் இருந்தார். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவன் அதைக் கைவிட்டதாக இவ்வளவு காலம் வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது தெரியாது. அக்கா அதை ஒரே தடவையில் சரியாகத் திருப்பிச் சொன்னாள்.

பிறகு அக்கா. போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் எழுந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. அம்மா தெருமுனையில் ஒரு திண்டில், செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். எத்தனை மணிக்குப் போனாள் என்று தெரியாது. பாதம் சில்லிட்டிருந்தது. “பக்கத்து ரூம்லதான் நான் படுத்திருந்தேன்” என்றாள் அக்கா. “அன்னிக்கு நான் அவளைக் கைவிட்டுட்டேன்.”

தம்பி திருப்பிச் சொல்ல வேண்டும்.

“நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டே, அக்கா.”

“இல்ல. நான் களைப்பைச் சொல்லல.”

கொஞ்சம் யோசித்து, “அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டே.”

“பயந்தேன். ஆனா அதையும் சொல்லல.”

வெகுநேரம் பேசாமல் இருந்தான். வீடியோவில் அவன் அசையாமல் இருந்ததால் இணைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக, “வீட்டுல ஒண்ணா இருந்துட்டா மட்டும் பாத்துக்கறதா ஆயிடாது. அதைச் சொல்றியா?”

“ஆமாம்” என்றாள் அக்கா. “அதேதான்.”

அன்று இல்லத்தைப் பற்றி எதுவும் முடிவாகவில்லை. தம்பி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆனால் கைவிடுதல் என்றால் இடத்தை மாற்றுவது என்று அவன் வைத்திருந்த அர்த்தம் நிற்கவில்லை. அவன் சொன்ன சம்பவத்துக்கேகூட அது பொருந்தவில்லை. அவன் எங்கிருந்தான் என்பது அவனை வருத்தவில்லை, அப்பாவுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அவன் கவனம் வேறெங்கோ இருந்தது என்பதுதான் வருத்தியது. இதை அவனே சொன்னான். நான் சொல்லியிருந்தால் ஜல்பமாகியிருக்கும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும். நடத்துகிறவன் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதி எனக்கு வசதியாகப் போய்விட்டது. இல்லம்தான் சரி என்பது என் எண்ணம். அதை வெளியே சொல்லாமல், கேள்விகளை மட்டும் அந்தப் பக்கமாகச் சாய்த்தேன். இரண்டாவது ஞாயிறு அக்காவே பிடித்துவிட்டாள்: “நீ என்ன நினைக்கறேன்னு முதல்ல சொல்லுடா, கேள்வி அப்புறம் கேக்கலாம்.” சொந்தக் குடும்பத்தில் இந்த முறையை நடத்துகிறவர் நடுவராக இருக்க முடியாது. முடிந்தால் வெளியாள் ஒருவரை உட்கார வையுங்கள். முடியாவிட்டால் உங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அதற்கு எதிரான கேள்விகளை அதிகமாகக் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்று. அந்த நாட்களில் அக்கா தூங்கவில்லை, சாப்பிடவில்லை, காரணமில்லாமல் அழுதாள். அதற்கு நான் தத்துவத்தைத் தேடவில்லை, மருத்துவரிடம் போகச் சொன்னேன். ஸ்டோயிக்குகளிடமிருந்து உளசிகிச்சைக்குப் போன சரக்கு நிறைய உண்டு. 1950-களில் தன் சிகிச்சை முறையை வகுத்த அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் எபிக்டெட்டஸை வெளிப்படையாகவே மேற்கோள் காட்டியவர். அதற்காக எபிக்டெட்டஸ் படித்த நான் மருத்துவருக்கு ஈடாகிவிட மாட்டேன். அக்காவுக்கு மருந்தும், வாரத்தில் இரண்டு இரவு வேறு ஆள் வந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும்தான் முதலில் உதவின.

நாலாவது ஞாயிறு தம்பிதான் கேட்டான். “நாம மூணு பேரும் இவ்ளோ பேசறோம். அம்மாவுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டோமா?”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக நான் அவ்வளவு கவனமாக நடத்திய கலந்துரையாடலில், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவளே இல்லை. வீடா இல்லமா என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. கேள்வியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் அவளுக்கு மறந்துவிடும். அதனால் வேறு விதமாகக் கேட்க முடிவு செய்தோம். இரண்டு வாரம் அக்காவும் இரவில் பார்த்துக்கொள்ள வருகிறவரும் ஒரு நோட்டில் எழுதினார்கள்: எதற்கு அம்மா முரண்டு பிடிக்கிறாள், எது அவளை அமைதிப்படுத்துகிறது. கருத்து எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். குளிக்க அவசரப்படுத்தினால் கத்துகிறாள். தொலைக்காட்சிச் சத்தம் பிடிக்கவில்லை. தெரு தெரியும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எழுந்திருப்பதில்லை. துணியைக் கையில் கொடுத்தால் மடித்துக்கொண்டே இருக்கிறாள். மடித்து முடித்த அடுக்கைக் கலைத்துக் கொடுத்தால் கோபம் வருவதில்லை, மறுபடி மடிக்கிறாள்.

ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிய ஒரு நூலில் ஸ்டோயிக் தரப்பைப் பேசுகிறவர் வில்லாளியை உதாரணம் காட்டுவார். குறிபார்க்க வேண்டியதையெல்லாம் அவன் செய்கிறான், அம்பு தைப்பது அவன் கையில் இல்லை. மனைவியிடம் நான் அன்று சொன்னதில் விட்டுப்போன பாதி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கையில் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் குறிபார்க்கும் வேலை அவ்வளவும் கிடக்கிறது. எங்களுக்கு அந்த வேலை இல்லங்களை நேரில் போய்ப் பார்ப்பதாக இருந்தது. ஐந்து மாதத்தில் ஏழு இடம் பார்த்தோம். கட்டடம், தோட்டம், விளம்பரப் புத்தகம் எதையும் பார்க்கவில்லை. போன இடத்தில் எல்லாம் கேட்டது இரண்டே கேள்வி: காலையில் குளிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? தெரு தெரியும் ஜன்னல் எந்த அறையில் இருக்கிறது? முதல் கேள்விக்கு ஓர் இடத்தில் மட்டும்தான் அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, “சாயங்காலம் கேட்டுப் பாப்போம்” என்றாள்.

அம்மா இப்போது அங்கே இருக்கிறாள். தம்பி வருடத்தில் ஒரு மாதம் வந்து தங்கி, தினமும் பகலில் போய் உட்காருகிறான்; ஆனாலும் இது சரிதானா என்று இன்னும் கேட்கிறான். அக்கா தூங்குகிறாள். போன தடவை நான் போனபோது அம்மா ஜன்னல் பக்கம் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்றை எடுத்து மடித்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரம் சேரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள்.